ஐம்பதிலும் வளையும்: மூத்த உழவர்களும் புதிய கைத்திறனும்

(சூலக்கரையில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் உங்களிடம் பலர் பேசியிருப்பார்கள். இன்று நான் விதை போடும் கையைப் பற்றியும், அந்தக் கையை நடத்தும் மூளையைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

சூலக்கரையைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களின் நிலைமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்கு இளவட்டங்கள் விடிந்ததும் புறப்பட்டுப் போய்விடுகிறார்கள். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் உளுந்துக்கும் துணையாக நிலத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவர் அறுபது வயதை எட்டியவராக இருந்தார்.

அதே வேளையில் கருவிகள் மாறிக்கொண்டே வருகின்றன. உழவு மாடு குறைந்து டிராக்டரும் பவர் டில்லரும் வந்துவிட்டன. களைக்கொத்து இருந்த இடத்துக்குக் களையெடுக்கும் இயந்திரம் வருகிறது. கைத்தெளிப்பான் இருந்த தோளில் விசைத்தெளிப்பான் ஏறியிருக்கிறது. சந்தை விலையும் மானிய விவரமும் 2018 இல் வந்த உழவன் செயலி வழியாகக் கைபேசிக்குள் வந்துவிட்டன. கருவி புதியது, அதைக் கையில் வாங்க வேண்டியவரோ வயது ஏறியவர். இதுதான் இன்றைய நிலை.

புதுக் கருவியை முன்னால் கொண்டுபோய் வைத்தால் பெரியவர்கள் சொல்லும் மறுமொழி ஒன்றுதான். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? பையன் வரட்டும், அவன் ஓட்டுவான்." பையனும் அப்படியே நினைக்கிறான். "உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை, தள்ளி நில்லுங்க" என்கிறான். ஆனால் மானாவாரிக் கரிசலில் விதைப்புக்கு ஏற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். அந்த நாட்களில் பையனுக்கு விடுப்பு கிடைக்காவிட்டால், வாடகை இயந்திரம் வந்து சேராவிட்டால், பருவம் கைநழுவிப் போகும். அவசரத்தில் பழக்கமில்லாத கருவியில் கை வைத்தாலோ காயமும் உயிராபத்தும் நேரும். ஆகவே, வயதானவர் புதிய கைவேலையைக் கற்க முடியுமா, முடியுமானால் எப்படிக் கற்க வேண்டும் என்பது வீண் ஆராய்ச்சி அல்ல. விளைச்சலையும் உயிரையும் தொட்ட கேள்வி.

கைத்தொழில் கற்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. 1922 இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். இன்று நாம் காணும் தொழில் வட்டாரம் அந்தக் கல்வியிலிருந்து வளர்ந்ததுதான். அவர்கள் அன்று இளைஞர்கள். ஐம்பத்தைந்து, அறுபது வயதில் அதே போல் கற்க முடியுமா என்பதை இனிப் பார்ப்போம்.

கைத்திறன் எங்கே பதிகிறது?

பருத்தி எடுப்பதில் தேர்ந்த ஓர் அம்மாவிடம், "எந்த விரலை முதலில் வைக்கிறீர்கள், மணிக்கட்டை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாமல் சிரிப்பார். செய்து காட்டச் சொன்னால் பஞ்சில் ஒரு தூசு இலை ஒட்டாமல் எடுத்துக் காட்டுவார். சொல்லத் தெரிந்த அறிவு வேறு, செய்யத் தெரிந்த அறிவு வேறு. இரண்டும் மூளையில் வெவ்வேறு இடங்களில் தங்குகின்றன.

இது எப்படித் தெரிய வந்தது என்பது சுவையான செய்தி. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய் இருந்தது. 1953 இல் அறுவை செய்து, புதிய நினைவுகளைப் பதிக்கும் மூளைப் பகுதியை இரு பக்கமும் அகற்றினார்கள். வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன் பின் நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. காலையில் பார்த்த மருத்துவரை மாலையில் யார் என்று கேட்பார். பிரெண்டா மில்னர் என்ற அறிவியலாளர் அவரிடம் ஒரு சோதனை செய்தார். தாளில் உள்ள நட்சத்திர உருவத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு பென்சிலால் வரைய வேண்டும். கண்ணாடியில் எல்லாம் திருப்பித் தெரிவதால் இது எவருக்கும் எளிதில் வராது. மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் பிழைகள் குறைந்துகொண்டே வந்தன. அவரைக் கேட்டாலோ, இப்படி ஒன்றைத் தாம் முன்பு செய்ததே இல்லை என்றார். மனத்தில் தங்காதது கையில் தங்கிவிட்டது. மில்னர் இதை 1962 இல் வெளியிட்டார்.

கைத்திறனைப் பதிப்பதில் மூன்று பகுதிகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. முதலாவது, மூளையின் மேற்பரப்பில் உச்சியிலிருந்து காதுப் பக்கம் இறங்கும் பட்டை. தசைகளுக்குக் கட்டளை அனுப்புவது இதுவே. இரண்டாவது, பின்மண்டையின் அடியில் உள்ள சிறுமூளை. பெயர்தான் சிறுமூளையே தவிர, மூளையின் மொத்த நரம்பணுக்களில் பாதிக்கும் மேல் இங்கேதான் இருக்கின்றன. நினைத்தபடி கை போகிறதா என்று கணந்தோறும் ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துவது இதன் வேலை. மூன்றாவது, மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பு முடிச்சுகள். திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைப் பழக்கமாக்கி, நாம் யோசிக்காமலே நடக்கச் செய்வது இதன் வேலை. டோபமின் என்ற வேதிப்பொருள் இதற்குத் துணை நிற்கிறது.

வயது ஏறும்போது குறைவது எது?

முதலில் வேகம். நரம்பில் செய்தி ஓடும் வேகம் குறைகிறது. கண் பார்த்ததற்குக் கை பதில் செய்ய எடுக்கும் நேரம் கூடுகிறது. டோபமின் செயற்பாடு இளமைக்குப் பின் ஆண்டுக்காண்டு மெதுவாகக் குறைகிறது. அதனால் புதிய பழக்கம் படிய அதிக முறை செய்ய வேண்டியிருக்கிறது. சிறுமூளையும் ஓரளவு சுருங்குகிறது.

இரண்டாவது, கைக்குச் செய்தி தரும் புலன்கள். விரல் நுனியின் உணர்வு மழுங்குகிறது. கண்மணி சுருங்கி, கண் வில்லை மங்குகிறது. இருபது வயதில் கண்ணுக்குள் சேரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவே அறுபது வயதில் விழித்திரையை அடைகிறது. பொழுது சாய்ந்த நேரத்தில் பையனுக்குத் தெளிவாகத் தெரியும் நெம்புகோல் அப்பாவுக்கு நிழலாகத் தெரிவது இதனால்தான். இதைப் பையன்கள் உணர்வதில்லை.

மூன்றாவது, கவனம். இளையவர் ஒரு கையால் செய்யும் வேலைக்கு மூளையில் சிறிய பகுதியே வேலை செய்கிறது. அதே வேலைக்கு முதியவர் மூளையில் இரு பக்கமும், இன்னும் பல பகுதிகளும் சேர்ந்து வேலை செய்வதைப் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே வண்டி பாரத்தை இழுக்க மேலும் ஒரு சோடி மாடு பூட்டியது போல. பாரம் நகர்கிறது; ஆனால் வேறு வேலைக்கு மாடு மிச்சமில்லை. சுவீடன் நாட்டில் நடத்தி 1997 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. முதியவர்களோடு பேசிக்கொண்டே நடந்து பார்த்தார்கள். பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னவர்களே அடுத்த ஆறு மாதத்தில் அதிகமாகக் கீழே விழுந்தார்கள். நடையே அவர்கள் கவனத்தை முழுவதும் எடுத்துக்கொண்டிருந்தது என்பது பொருள்.

நான்காவது, தூக்கத்தின் உதவி. பகலில் பழகிய கைவேலை இரவுத் தூக்கத்தில் உறுதிப்படுகிறது. இந்தப் பயன் இளையோருக்குக் கிடைக்கும் அளவு முதியோருக்குக் கிடைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நேற்று வந்தது இன்று காலையில் கொஞ்சம் நழுவியது போலத் தோன்றினால் மனம் தளர வேண்டாம். அது உங்கள் தனிக் குறை அல்ல.

குறையாதது எது?

பழகிய திறன் எளிதில் போவதில்லை. நாற்பது ஆண்டு களையெடுத்த கை, கண்ணை மூடினாலும் பயிரை விட்டுக் களையைப் பிடிக்கும். அது மட்டுமல்ல, குறைந்த வேகத்தை அனுபவம் ஈடு செய்கிறது.

சால்ட்ஹவுஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 19 வயது முதல் 72 வயது வரையுள்ள தட்டச்சர்களை அவர் சோதித்தார். மூத்தவர்களின் விரல் தட்டும் வேகமும் கண்டு செயல்படும் வேகமும் குறைந்திருந்தன. ஆனால் ஒரு பக்கத்தை அடித்து முடிக்கும் வேகம் குறையவில்லை. காரணம் என்ன? மூத்தவர்களின் கண், அடிக்கும் எழுத்துக்கு வெகு தூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. வரப்போவதை முன்கூட்டியே பார்த்து விரலைத் தயார் செய்துகொண்டார்கள்.

நம் வேலையிலும் இதுவே நடக்கிறது. ஏர் பிடிப்பதில் பழுத்தவர் கலப்பையைப் பார்த்து நடப்பதில்லை. இருபது அடிக்கு முன்னால் கல் கிடப்பதையும், மாடு காதைத் திருப்புவதையும் பார்த்து நடப்பார். இந்த முன்னோட்டப் பார்வையை எந்த இளைஞனும் ஒரு பருவத்தில் பெற்றுவிட முடியாது. புதுக் கருவிக்கும் மூத்த உழவர் எடுத்துச் செல்லும் முதல் இதுவே.

புதிதாகக் கற்க முடியுமா?

முடியும். இதற்கும் சான்று உண்டு. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது முதல் அறுபத்தேழு வயது வரையுள்ளவர்களுக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் கற்பித்தார்கள். 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். இளைஞர்களைப் போல எல்லாரும் முழுத் தேர்ச்சி பெறவில்லை என்பது உண்மை. ஆனால் கற்றவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, அசையும் பொருளைக் காணும் பகுதி முதலிய சில இடங்களில் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்தது. அறுபதிலும் மூளை வளைந்து கொடுத்தது. மூன்று மாதம் பயிற்சியை விட்டதும் அந்த வளர்ச்சி திரும்பக் குறைந்துபோனது. கற்றால் வளரும், விட்டால் குறையும், நிலத்தைப் போலத்தான்.

இன்னொரு சோதனை. பார்வையை ஒரு பக்கமாக விலக்கிக் காட்டும் பட்டகக் கண்ணாடியை அணிவித்து, இலக்கை நோக்கிப் பந்தை எறியச் சொல்வார்கள். முதலில் எல்லார் எறியும் தவறும். சில முறை எறிந்தபின் கை தானே திருத்திக்கொள்ளும். முதியவர்களுக்கு இந்தத் திருத்தம் வர அதிக முறை எறிய வேண்டியிருந்தது. ஆனால் கண்ணாடியைக் கழற்றிய பின், கை கற்றுக்கொண்ட பாடம் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்தால், அது இளையவர்களுக்குக் குறைவாக இல்லை. ஆக, கை கற்பது நிற்கவில்லை. "இதை எப்படிச் சமாளிப்பது" என்று உடனே வழி கண்டுபிடிப்பதுதான் தாமதமாகிறது. அந்த வழியை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதிச் சிரமம் தீரும்.

பழைய பழக்கம் குறுக்கே நிற்கும் இடம்

மூத்தவருக்கு உண்மையான தொல்லை எங்கே வருகிறது என்றால், புதிய அசைவு பழைய அசைவுக்கு எதிராக இருக்கும் இடத்தில்தான். முற்றிலும் புதிய வேலையை விட, பழைய வேலையைப் போலத் தோன்றி வேறாக நடக்கும் வேலை கடினம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது இங்கே பொருந்தும். மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது, பவர் டில்லர். ஏர் ஓட்டியவருக்கு, நிலை தடுமாறினால் மேழியை இறுக்கிப் பிடிப்பது இயல்பு. மாடும் அதட்டினால் நின்றுவிடும். பவர் டில்லரில் இரு கைப்பிடிகளின் அடியிலும் திருப்பும் கிளட்ச் நெம்புகோல்கள் இருக்கின்றன. பதற்றத்தில் இரண்டையும் சேர்த்து இறுக்கினால் இரு சக்கரங்களுக்கும் எஞ்சினின் பிடி அற்றுப்போகும். சரிவில் இருந்தால் வண்டி தானே உருளும். அங்கே செய்ய வேண்டியது இறுக்குவது அல்ல, முதன்மைக் கிளட்ச்சை இழுத்து வண்டியை நிறுத்துவது.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. சமதரையில் இடது நெம்புகோலை அழுத்தினால் இடது சக்கரம் விசை இழக்கிறது. வலது சக்கரம் தள்ளுகிறது. வண்டி இடப்பக்கம் திரும்புகிறது. கரையிலிருந்து இறங்கும்போதோ வண்டி தன் எடையால் முன்னே ஓடப் பார்க்கிறது. எஞ்சின் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அப்போது இடது நெம்புகோலை அழுத்தினால் இடது சக்கரம் பிடி தளர்ந்து வேகமாக உருளும்; வண்டி வலப்பக்கம் திரும்பும். அதாவது இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். ஒரு மாதம் சமதரையில் பழகி, "எனக்கு வந்துவிட்டது" என்று நினைப்பவர் கண்மாய்க் கரையில் இறங்கும்போது தடுமாறுவது இதனால்தான். இறக்கத்தில் திருப்பும் கிளட்ச்சைத் தொடாதீர்கள். மெதுவான கியரில் நேராக இறக்கி, சமதரைக்கு வந்தபின் திருப்புங்கள்.

இரண்டாவது, மருந்து தெளிப்பு. பருத்திக்குத் தெளித்த கை, குழாயை இருபுறமும் வீசிக்கொண்டே நடக்கும். 2018 முதல் நம் மக்காச்சோளத்தைத் தாக்கிவரும் படைப்புழுவோ குருத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வீசித் தெளித்தால் மருந்து இலைமேல் வழிந்து போகும். முனையைக் குருத்துக்கு நேரே காட்டி, ஒவ்வொரு செடியாகக் குருத்துக்குள் படும்படி தெளிக்க வேண்டும். தலை அறிந்தாலும் கை பழையபடி வீசத்தான் போகும். முதல் நாள் வெறும் தண்ணீரை ஊற்றி நாலு சால் நடந்து பழகுங்கள். குருத்து நனைந்ததா என்று நீங்களே திரும்பிப் போய்ப் பாருங்கள்.

மூன்றாவது, கைபேசி. இதுவும் ஒரு கைத்திறன்தான். பூட்டையும் பம்புசெட் சுவிட்சையும் அழுத்தி அழுத்திப் பழகிய விரல் கண்ணாடித் திரையையும் அழுத்தும். நீண்ட நேரம் அழுத்தினால் கைபேசி அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. காய்ந்து காப்புக் காய்த்த விரல் நுனியைத் திரை சில வேளை உணர்வதும் இல்லை. விரலைத் துடைத்துவிட்டு, லேசாகத் தொட்டு உடனே எடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். "எனக்குப் படிப்புப் பத்தாது" என்று நினைக்காதீர்கள். பல வேளைகளில் குறை படிப்பில் இல்லை, தொடும் முறையில் இருக்கிறது.

எப்படிப் பழக வேண்டும்?

இதுவரை சொன்னவற்றிலிருந்து கிடைக்கும் முறைகளைத் தொகுத்துச் சொல்கிறேன்.

1. விதைப்பு நாளன்று கற்காதீர்கள். புரட்டாசியில் வேண்டிய திறனை ஆடியிலேயே தொடங்குங்கள். அவசரம் இருந்தால் பழைய பழக்கமே கையை இழுத்துக்கொண்டு போகும்.

2. ஒரே நாளில் மூன்று மணி நேரம் பழகுவதை விட, நாளுக்கு அரை மணி வீதம் ஆறு நாள் பழகுவது நல்லது. இடையில் இளைப்பாறுங்கள். களைத்த கை தப்பான அசைவைக் கற்றுக்கொள்ளும்.

3. வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். பவர் டில்லரானால், முதலில் எஞ்சினை நிறுத்தி வைத்து நெம்புகோல்களைத் தொட்டுப் பழகுதல், பிறகு ஓடும் எஞ்சினை நிறுத்திப் பழகுதல், பிறகு காலி நிலத்தில் நேராக ஓட்டுதல், அதன்பின் திருப்புதல், கடைசியில் கலப்பைக் கத்திகளை இயக்குதல். நிறுத்தத் தெரிந்தபின்தான் ஓட்டக் கற்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

4. முதலில் மெதுவாகவும் சரியாகவும் செய்யுங்கள். வேகம் தானாக வரும். முதலில் வேகமாகச் செய்தால் பிழையும் சேர்ந்தே பதியும்.

5. செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "கிளட்ச்சை இழு, கியரை மாற்று, மெதுவாக விடு" என்று சொல்லுங்கள். உடனே வழி காண்பதில் உள்ள தாமதத்தை இந்தச் சொல் ஈடு செய்யும். பழகியபின் சொல் தானே நின்றுவிடும்.

6. நல்ல வெளிச்சத்தில், வெயில் ஏறுமுன் பழகுங்கள். கண்ணாடி போடுபவர்கள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நெம்புகோல்களுக்கு மஞ்சள், சிவப்பு வண்ணம் அடித்துவிட்டால் தேட வேண்டியதில்லை.

7. காலையில் மறந்தது போலிருந்தால், புதிய பாடத்துக்குப் போகுமுன் நேற்றைய பாடத்தை இரண்டு முறை செய்யுங்கள். நல்ல தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

8. கற்றதை விட்டுவிடாதீர்கள். பருவம் முடிந்தபின்னும் மாதம் ஒரு முறையாவது எடுத்து இயக்கிப் பாருங்கள்.

கற்றுக்கொடுப்போருக்கு

வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஊருக்கு வரும் களப் பணியாளர்களுக்கும் சில வார்த்தைகள். பெரியவர் கருவியைக் கையில் பிடித்திருக்கும்போது அவரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர் கவனம் முழுவதும் கையில் இருக்கிறது. சொல்ல வேண்டியதை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். "இப்படி இல்லப்பா" என்று கருவியைப் பிடுங்கிச் செய்து காட்டாதீர்கள். பார்த்தால் வராது, செய்தால்தான் வரும். தவறு செய்து திருத்தும்போதுதான் சிறுமூளை கற்கிறது. ஆபத்தில்லாத தவறை அவர் செய்யட்டும்.

பலர் கூடி நின்று பார்ப்பதும் சிரிப்பதும் கூடாது. அறுபது வயதுக்காரர் ஊருக்கு முன் தடுமாற விரும்ப மாட்டார். ஒரு முறை சிரித்துவிட்டால் மறுமுறை வர மாட்டார். நாலைந்து பேர், ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள் சேர்ந்து பழகினால் கூச்சம் இருக்காது. மகளிருக்குத் தனியாக ஏற்பாடு செய்வது நல்லது. தீப்பெட்டிக் குச்சி அடுக்கியும் பருத்தி எடுத்தும் தேர்ந்த விரல்கள் அவர்களுடையவை. களையெடுக்கும் இயந்திரமோ விதைப்புக் கருவியோ வந்தால் மட்டும் "ஆம்பளை வேலை" என்று அவர்களைத் தள்ளி வைப்பது நியாயமும் அல்ல, சிக்கனமும் அல்ல.

செயல்விளக்கத்தை ஒரே நாளில் முடித்துவிட்டுப் போவது முதியவர்களுக்குப் பயன்படாது. ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் மறுமுறை வந்து பார்க்க வேண்டும். அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பயிற்சி கேட்கும்போது, "எங்கள் ஊரில் வயதானவர்கள் அதிகம், எங்கள் கையாலேயே செய்து பழகும்படி, இரண்டு மூன்று தவணையாக நடத்துங்கள்" என்று நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எச்சரிக்கை

எல்லாக் கருவியையும் எந்த வயதிலும் கற்கலாம் என்று நான் சொல்லவில்லை. பிழை செய்து கற்க இடம் தராத கருவிகள் சில உண்டு. கதிரடிக்கும் இயந்திரம் ஒன்று. நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றும் உருளை, ஒரு நொடிக்குப் பத்துச் சுற்றுச் சுற்றுகிறது. கண் கண்டு கை விலகக் கால் நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் உருளை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். வயதில் இந்த நேரம் இன்னும் கூடும். இங்கே கைத்திறனை நம்புவதை விட, கை உள்ளே போக முடியாதபடி நீண்ட ஊட்டுத்தொட்டி உள்ள இயந்திரத்தையே நம்ப வேண்டும். இந்திய அரசு ஆபத்தான இயந்திரங்களுக்கென்று 1983 இல் தனிச் சட்டமே இயற்றியது இத்தகைய கை இழப்புகளைத் தடுக்கத்தான். தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, சேலை முந்தானை ஆகியவற்றோடு ஓடும் இயந்திரத்தின் அருகே போகாதீர்கள்.

பவர் டில்லரைப் பின்னோக்கி எடுக்கும்போது சுழலும் கத்திகளை நிறுத்திவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவரோ மரமோ இருந்தால் பின்னோக்கி எடுக்கவே எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. கை தடுமாறுவதை எல்லாம் "வயசாச்சு" என்று தள்ளிவிடக் கூடாது. வயதினால் வரும் தளர்ச்சி ஆண்டுக்கணக்கில், மெதுவாக, இரு கைகளுக்கும் வரும். திடீரென்று ஒரு பக்கக் கை காலில் வலுவிழப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல் கண்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108 வண்டியை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சும்மா இருக்கும்போதே ஒரு கை நடுங்குவதும், நடை சுருங்குவதும், எழுத்துச் சிறுத்துப் போவதும் டோபமின் மிகவும் குறைந்த நடுக்குவாத நோயின் அறிகுறியாகலாம். இதற்கு மருந்து உண்டு. பாதத்தில் உணர்வு குறைந்தால் சர்க்கரை நோய்க்குச் சோதித்துப் பாருங்கள். மருந்து தெளித்த அன்று கை நடுக்கமும் தசைத் துடிப்பும் வாந்தியும் வந்தால் அது நஞ்சு; மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரையுங்கள்.

உழவர் பெருமக்களே! நான் சொன்னவற்றின் சாரம் இதுதான். வயது ஏறினால் கற்கும் வேகம் குறைகிறது. கற்கும் ஆற்றல் போய்விடுவதில்லை. அதிக முறை செய்ய வேண்டும். அவசரமின்றிச் செய்ய வேண்டும். பழைய பழக்கம் குறுக்கிடும் இடத்தை முன்பே அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தில் வளைவது எளிது. ஐம்பதிலும் வளையும், மெதுவாக வளைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆடியில் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு புதிய கைவேலையைத் தேர்ந்தெடுத்துப் பழகத் தொடங்குங்கள். மழை விழும் நாளில் யார் வருவார் என்று வாசலைப் பார்த்து நிற்கும் நிலை உங்களுக்கு வராது.